பொறுமைக்கு முழு மதிப்பெண்

பேருந்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையை ஒரு பெட்டி எடுத்துக்கொண்ட பிறகு, கண்டக்டருக்கு வீட்டில் உட்காரும் வேலைதான் மிஞ்சியது. அதையும் அவர் ஒழுங்காகச் செய்யவில்லை என்பது அவர் மனைவியின் கருத்து. நாற்காலியை நடுவழியில் போட்டுக்கொண்டு உட்காருவார். கூட்டவும் முடியாது, தாண்டவும் முடியாது. அதனால், வீட்டில் உட்காருவதற்கே சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் வந்து சொன்னபோது, அவள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள்.

"சும்மா உக்கார்றதுக்கா?"

"ஆமா. ஆனா அவங்க வீட்டுல."

"ஒரு டம்ளரைக்கூடக் கழுவத் தெரியாதே உங்களுக்கு."

"தெரியக் கூடாதாம். கழுவறதுக்கு ஒரு மெஷின் வச்சிருக்காங்க. அதைப் பழக்கறதுக்குத்தான் ஆள் வேணுமாம்."

"அப்போ உங்களை விட்டா அவங்களுக்கு வேற ஆள் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

அவர் முன்பு போய்வந்த தடத்தின் கடைசி நிறுத்தத்தில் இருந்தது அந்த இடம். நிறுத்தத்தின் பெயரைப் பல ஆண்டுகள் கத்தியிருக்கிறாரே தவிர, இறங்கி நிமிர்ந்து பார்த்ததில்லை. வாசலில் பெரிய பலகை: இல்லறிவு நிலையம். அதைப் படித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. காவலாளி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"இல்லம், அறிவு. ரெண்டையும் சேத்து எழுதியிருக்காங்க. எல்லாரும் மொதல்ல நீங்க நினைச்ச மாதிரிதான் படிக்கறாங்க."

"மாத்திடலாமே?"

"மாத்தறதுக்கு ஒரு குழு போட்டிருக்காங்க. அவங்களும் அப்படித்தான் படிச்சாங்க. இப்போ சண்டை நடக்குது."

உள்ளே, கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடம். அதன் நடுவில் ஒரு வீட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். முன்னறை, சமையலறை, இரண்டு படுக்கையறைகள், பூட்டிக் கிடந்த மூன்றாவது அறை. சுவர்கள் இருந்தன, கூரை இல்லை. கூரை இருக்கவேண்டிய இடத்தில் கேமராக்கள் கொத்தாகத் தொங்கின. ஜன்னல்களுக்குப் பின்னால் தோட்டமோ தெருவோ கிடையாது. பெரிய விளக்குகள் இருந்தன. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் காலை, மத்தியானம், மாலை என்று வைத்துக்கொள்வார்கள். முன்னறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து, இந்தப் பக்கம் வாழ்க்கை நடப்பதைப் பார்த்தார்கள்.

கண்டக்டர் அந்த வீட்டின் குடும்பத் தலைவராக நியமிக்கப்பட்டார். குடும்பத் தலைவியாக இன்னொரு அம்மாளை எடுத்திருந்தார்கள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். அந்த வேலையையும் ஏதோ ஒரு பெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. இருவரும் காலையில் வந்து, கணவன் மனைவியாக இருந்து, மாலையில் அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

முதல் நாள் இயக்குநர் வரவேற்றுப் பேசினார். அவர் தண்ணீர் கேட்டாலும் மேடையில் நின்று கேட்பதுபோலத்தான் கேட்பார்.

"வீடு என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை காண இந்நிலையம் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறது. நான் என் இளமையையே இதற்குக் கொடுத்தேன். வீட்டைப் பற்றி ஆராய்வதால் வீட்டுக்குப் போக நேரமில்லை. ஒருநாள் போயிருந்தேன். என் மகனே கதவைத் திறந்து, 'யாரைப் பாக்கணும்?' என்று கேட்டான். மனம் தளரவில்லை. முகங்களை அடையாளம் காண்பது எவ்வளவு கடினமான பணி என்று அன்றுதான் உணர்ந்தேன். உடனே திரும்பி வந்து, நம் இயந்திரத்துக்கு அந்தப் பாடத்தை வைத்தேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கண்டக்டரும் தட்டினார்.

அந்த இயந்திரத்துக்குத் துணை என்று பெயர் வைத்திருந்தார்கள். மார்பளவு உயரம். அடியில் சக்கரம், இரண்டு கைகள், ரப்பர் விரல்கள், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்ட விளக்கு. துணிமணி மடிக்கும், பாத்திரம் கழுவும், கீழே கிடப்பதை எடுத்து அதனதன் இடத்தில் வைக்கும். சொன்னதைச் செய்வது பழைய கதை, சொல்லாததையும் தானாகப் புரிந்துகொள்வதுதான் அறிவு என்பது நிலையத்தின் கொள்கை. ஆனால் சொல்லாததை எதுவரைக்கும் புரிந்துகொள்ளலாம் என்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள்.

முதல் வாரமே சிக்கல் வந்தது. கண்டக்டர் பாதி தேநீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். துணை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ஏம்ப்பா, நான் குடிச்சு முடிக்கலையே" என்றார்.

அதிலிருந்து துணை எந்த டம்ளரையும் தொடவில்லை. மேசை முழுக்க டம்ளர்கள் சேர்ந்தன, எறும்பு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரபரப்பு. மிச்சத்தை ஆராய ஒரு குழு கூடியது. டம்ளரில் இருக்கும் அரைத் தேநீர் குடித்ததன் மிச்சமா, குடிக்கப்போவதன் தொடக்கமா என்று குழுவினர் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். வாதம் நடந்த நாளெல்லாம் அவர்களுக்கே தேநீர் வந்தது. யாரோ வைத்தார்கள், யாரோ எடுத்துப்போனார்கள். அதை அவர்கள் கவனிக்கவில்லை. கடைசியில், குடித்து முடித்தவர் டம்ளரைத் திருப்தியோடு ஒருமுறை பார்க்க வேண்டும், அதுவே முடிந்ததற்கு அடையாளம் என்று முடிவாயிற்று.

கண்டக்டர் வீட்டில் கண்ணாடி முன் நின்று திருப்தியைப் பழகினார்.

"எதுக்குக் காலி டம்ளரைப் பாத்து இளிக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஆபீஸ் வேலை" என்றார்.

அடுத்த சிக்கல் ஆபரேட்டர் அம்மாளால் வந்தது. அவர் கண்டக்டரை இயல்பாக "அண்ணா" என்று கூப்பிட்டார். துணை இருவரையும் உடன்பிறந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டு, துவைத்த துணிகளைத் தனித்தனி அறைகளில் கொண்டுபோய் வைத்தது. கணவனை மனைவி அண்ணன் என்று அழைத்தால் இயந்திரத்தின் உறவறிவு கெடும் என்று மதிப்பீட்டாளர் எச்சரித்தார். மதிப்பீட்டாளர் ஓர் இளம்பெண். மடியில் ஒரு திரையை வைத்துக்கொண்டு துணை செய்யும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவது அவள் வேலை.

"வேற எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டார் ஆபரேட்டர் அம்மாள்.

"என்னங்கன்னு கூப்பிடுங்க மேடம்."

"எங்க வீட்டுக்காரரையே நான் அப்படிக் கூப்பிட்டது கிடையாது."

"அது நெஜ வீடு மேடம். அங்க தப்பு நடக்கலாம்."

இப்படியாக நாள்கள் போயின. வேலை பழகிப் போனபின்தான் கண்டக்டருக்கு வேறொன்று கண்ணில் பட ஆரம்பித்தது.

துணை அறைக்குள் வருவதற்கு முன் தொண்டையைக் கனைத்தது.

அதற்குத் தொண்டை கிடையாது. ஆனாலும் கதவருகே வந்து நின்று, வயதானவர்கள் கனைப்பதுபோல் இரண்டு முறை மெல்லக் கனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. பேச்சும் அப்படியே. "தேநீர் தயாராக உள்ளது" என்று சொல்லத்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அது சொன்னதோ, "டீ ஆறுதுப்பா, எடுத்துக்கோ." முதல்முறை அதைக் கேட்டபோது கண்டக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். யாரோ பின்னால் நின்று பேசியதுபோல் இருந்தது.

மாலை விளக்கைக் குறைக்கிற நேரத்தில் துணை ஒரு டம்ளர் பாலைச் சூடாக்கும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு பூட்டிய மூன்றாவது அறையின் வாசலுக்குப் போகும், கனைக்கும், விரலை மடக்கிக் கதவை இலேசாகத் தட்டும். பிறகு நிற்கும். பாலில் ஆடை படியும்வரை நிற்கும். பின்பு திரும்பிவந்து பாலைத் தொட்டியில் ஊற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்.

ஒரு மாலை ஆபரேட்டர் அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் இருந்த துணி நழுவியது அவருக்குத் தெரியவில்லை.

"பாருங்களேன் அண்ணா, கதவைத் தட்டிட்டு அது காது கொடுத்துக் கேக்குது."

"அதுக்கு எங்கம்மா காது?"

"தெரியல. ஆனா லைன்ல யாரோ இருக்காங்கன்னு நினைச்சுக் காத்திருக்கறவங்க இப்படித்தான் தலையைச் சாய்ப்பாங்க. எனக்கு அந்த ரூம் பக்கம் போகவே பிடிக்கல."

மறுநாள் கண்டக்டர் மதிப்பீட்டாளரிடம் போய்க் கேட்டார்.

"அந்த ரூம்ல யாரும்மா இருந்தாங்க?"

"இப்போ யாரும் இல்ல சார்."

"அப்போ பால் யாருக்கு?"

"அது எச்சம் சார். பழைய பழக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கு. மதிப்பெண் கிடையாது, அதனால நாங்க பாக்கறதில்ல."

"அழிச்சிடலாமே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதை அழிச்சா பொறுமையும் சேந்து போயிடுமாம் சார். நிலையத்துக்குப் பேரே அந்தப் பொறுமையாலதான். நீங்க படம் பாக்கலையா? வர்ற வாரம் பயிற்சியில போடுவாங்க."

படம் போட்டார்கள். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, இயக்குநரே எழுந்து முன்னுரை சொன்னார். "இயந்திர அறிவின் வரலாற்றில் இது ஒரு பொற்கணம். இப்போது நீங்கள் காணப்போவது பொறுமை."

திரையில் மூன்றாவது அறை தெரிந்தது. ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. அதில் ஒரு முதியவர். வீட்டுப் பெரியவர் என்ற பதவிக்கு எடுக்கப்பட்டவராம். மற்றவர்கள் மாலையில் போய்விட்டாலும் அவர் அங்கேயே தங்கியிருந்தாராம். துணை பால் டம்ளரோடு வந்து அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றது. டம்ளரை நீட்டியது. அவர் வாங்கவில்லை. துணை நீட்டியபடியே நின்றது. படத்தை வேகமாக ஓட்டினார்கள். ஜன்னல் வெளிச்சம் மங்கியது, கூடியது, மறுபடி மங்கியது. துணை ஒரு போர்வை கொண்டுவந்து அவர் மேல் போர்த்தியது. புதிய பால் கொண்டுவந்தது. நின்றது. ஓரத்தில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போய், முழு மதிப்பெண்ணைத் தொட்டதும், திரையில் பூக்கள் விழுவதுபோல ஒரு படம் வந்தது.

அரங்கம் கைதட்டியது. கண்டக்டருக்கு மட்டும் கை எழவில்லை. எழுந்து நின்றார்.

"சார், அவர் அசையவே இல்லையே."

"ஆம்" என்றார் இயக்குநர், மகிழ்ச்சியோடு. "அதனால்தான் படம் இவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அசைந்து கெடுத்துவிடுவார்கள். பெரியவரின் ஒத்துழைப்பை இந்நிலையம் என்றும் மறவாது."

"அவர் செத்துப் போயிருந்தாரா சார்?"

கூடத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. மதிப்பீட்டாளர் தன் மடியில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டாள்.

"நல்ல கேள்வி. ஆனால் நம் துறைக்கு வெளியே உள்ள கேள்வி" என்றார் இயக்குநர். "இந்நிலையம் இயந்திரத்தின் அறிவை மட்டுமே அளக்கிறது. அன்று கண்ணாடிக்கு இப்பால் இருந்தவர்கள் அனைவரும் கண்கொட்டாமல் இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடமை என்றால் அதுதான். மதிப்பீடு முடிந்து, நாற்காலியை நகர்த்தச் சென்றபோதுதான் மற்ற விஷயம் தெரியவந்தது."

அன்று வீட்டுக்குப் போன கண்டக்டர் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"சொகமில்லையா? நாளைக்குப் போகாதீங்க."

"போகலேன்னா அது தனியா நிக்கும்" என்றார் கண்டக்டர்.

"எது?"

அவருக்கே அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சில நாள் கழித்து, மேலிடக் குழு பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நிலையமே தலைகீழாயிற்று. சுவர்களுக்குப் புதுச் சாயம், எறும்புக்கு மருந்து, துணையின் வட்ட விளக்குக்கு மெருகு. மூன்றாவது அறையைத் திறந்து தூசி தட்டினார்கள். இயக்குநர் கண்டக்டரைக் கூப்பிட்டனுப்பினார்.

"பொறுமையை மேலிடத்தார் நேரில் காண விரும்புகிறார்கள். அந்த நாற்காலியில் நீங்கள் சாய்ந்திருக்க வேண்டும். உடல்நலமில்லாதவர் என்பது காட்சி."

"நான் என்ன செய்யணும் சார்?"

"எதுவும் செய்யாதீர்கள். பெரியவரைப் போல இருந்தால் போதும்."

முடியாது என்று சொல்லத்தான் கண்டக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் இரண்டு பேர் வந்து அவர் தோளில் போர்வை அளவு எடுத்துக்கொண்டு போனார்கள்.

வயிறு நிறைந்தவர் முகத்தில் நோய் தெரியாது என்று அன்று காலையில் அவருக்கு ஒன்றும் தரவில்லை. கண்டக்டருக்குச் சர்க்கரை உண்டு. சாப்பிடாவிட்டால் அது இறங்கி மயக்கம் வரும் என்று சொன்னார். அது உடல்நலப் பிரிவு, அது வேறு கட்டடம் என்றார்கள். மேலிடக் குழு தாமதமாகத்தான் வந்தது. மாலைகள், மரியாதைகள், இயக்குநரின் உரை. கண்டக்டர் அந்த நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். ஜன்னல் விளக்கு முகத்துக்கு நேராக எரிந்தது. நாற்காலிக் கைப்பிடியில் யாரோ விரலால் தடவித் தடவித் தேய்ந்த ஒரு பள்ளம் இருந்தது. தன் விரலும் அதற்குள் சரியாகப் பொருந்துவதை உணர்ந்தார். வியர்த்தது. கை நடுங்கியது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்த முகங்கள் ஒன்றோடொன்று கலந்தன. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை ஆபரேட்டர் அம்மாள்தான் அவரிடம் சொன்னார்.

துணை பால் டம்ளரோடு உள்ளே போனது. கனைத்தது. டம்ளரை நீட்டியது. கண்டக்டர் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர், "கவனியுங்கள், எவ்வளவு இயற்கையாகக் கிடக்கிறார்!" என்றார். மேலிடத்தார் பாராட்டினார்கள். துணை இன்னும் கொஞ்சம் குனிந்தது. மறுபடி கனைத்தது. பிறகு ரப்பர் விரலை அவர் கன்னத்தில் வைத்தது.

டம்ளர் கீழே விழுந்தது.

துணை அந்த அறையைவிட்டு இதுவரை யாரும் பார்த்திராத வேகத்தில் வெளியே வந்து, முன்னறையைக் கடந்து, நேராகப் போய்க் கண்ணாடிச் சுவரை இரண்டு கைகளாலும் அடித்தது. "வாங்கப்பா, யாராச்சும் வாங்க" என்று அந்தக் கிழவர் குரலில் சொல்லிச் சொல்லி அடித்தது. மேலிடக் குழுவின் தலைவர், இதுவும் காட்சியில் உண்டா என்று கேட்டார். இயக்குநர் பட்டியலைப் புரட்டினார். பட்டியலில் இல்லை. இல்லாத ஒன்றுக்கு எப்படிக் கைதட்டுவது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சமையலறையில் குடும்பத் தலைவியாக நின்றிருந்த ஆபரேட்டர் அம்மாள்தான் ஓடினார். "அண்ணா! அண்ணா!" என்று கத்திக்கொண்டு ஓடி, அவர் வாயில் ஒரு பிடி சர்க்கரையைத் திணித்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் விரிசல் விழுந்த சத்தம் அப்போதுதான் கேட்டதாம்.

கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள் விசாரணைக் குழு உட்கார்ந்துவிட்டது. விசாரணை துணையின் மேல். அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் கையில் அன்று சிந்திய பால் அப்படியே காய்ந்து கிடந்தது. சாட்சியாக அழைக்கப்பட்ட கண்டக்டரும் ஆபரேட்டர் அம்மாளும் ஓரத்தில் நின்றார்கள்.

இயக்குநர் பேசினார்.

"ஒருவர் ஓய்வெடுக்கிறாரா, மயங்கிவிட்டாரா என்று அறிவது மருத்துவ அறிவு. நம் இயந்திரத்துக்கு வீட்டு அறிவு மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மேலும், முன்பு ஒருமுறை கண்டதை வைத்து மறுமுறை பதறுவது அறிவாகாது, அது பயம். நாம் பதினான்கு வகை அறிவுக்கு மதிப்பெண் வைத்திருக்கிறோம். பயத்துக்கு வைக்கவில்லை. நானும் அன்று கண்ணாடி அருகே இருந்தேன். சற்றும் பதறவில்லை. இங்குள்ள யாரும் பதறவில்லை. இந்த ஒரு இயந்திரம்தான் நம் எல்லாரையும் தலைகுனிய வைத்தது."

"சார், அது இல்லேன்னா நான் போயிருப்பேன்" என்றார் கண்டக்டர்.

"அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சிக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்."

ஆபரேட்டர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து, இந்தப் பயம் யாருடையது என்ற கேள்வி வந்தது. நிலையம் அதை இயந்திரத்துக்குள் வைக்கவில்லை. விற்றவர்களும் வைக்கவில்லை. நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, பெரியவர் தங்கியிருந்த காலத்தில் உண்டானது என்பதால் அது பெரியவர் விட்டுச் சென்ற பொருள் என்று தீர்ப்பாயிற்று. அவருடைய மூக்குக்கண்ணாடியும் செருப்பும் துண்டும் இன்னும் ஒரு பையில் கிடந்தன. அவற்றோடு பயத்தையும் வாரிசிடம் ஒப்படைத்துவிட வேண்டியது. பயத்தைத் தனியே கழற்ற வழியில்லாததால், இயந்திரமும் கூடவே போகும். கொண்டுபோய்ச் சேர்க்கும் பணி குடும்பத் தலைவருக்கும் தலைவிக்கும் தரப்பட்டது. அத்தோடு அவர்கள் குடும்பமும் கலைக்கப்பட்டது.

துணையைப் பேருந்தில் ஏற்றினார்கள். டிக்கெட் பெட்டிக்கு அது ஆளா சாமானா என்று பிடிபடவில்லை. சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டே இருந்தது. கண்டக்டர் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பழைய கோபம். பயணிகள் சிலர் துணைக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

பெரியவரின் மகள் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தாள். பல் வைத்தியரிடம் பல் செட் செய்யும் வேலை. கதவைத் திறந்தபோது அவள் விரல்களில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. பையை வாங்கி, மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். துணையை ஏன் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. கண்டக்டர் சொல்லத் தொடங்கி, தடுமாறி, பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். படத்தையும் சொன்னார்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பணியை நிறைவு செஞ்சார்னு போன்ல சொன்னாங்க. தூக்கத்துலேயே போயிட்டாராம், கஷ்டமே படலையாம்." மாவுக் கையை மடியில் துடைத்தாள். "நான் நாள் பூரா வேலையில இருக்கேன். இங்க தனியா கெடக்கறது அவருக்குப் பிடிக்கல. அங்கே போனா பேச்சுத்துணைக்கு ஏதாச்சும் இருக்கும்னு அவரேதான் கேட்டுப் போனார். நானும் சரின்னுட்டேன்."

ஆபரேட்டர் அம்மாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கைவைத்தார்.

மகள் துணையின் பக்கம் திரும்பினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "இதுக்கு அதெல்லாம் நினைவிருக்குமா?"

"கேட்டுப் பாருங்க" என்றார் கண்டக்டர்.

"அப்பா கடைசியா என்ன சொன்னார்?"

துணை கனைத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மகள் ஆபரேட்டர் அம்மாளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வெயிலைக் கொஞ்சம் அணைச்சுடுப்பா, கண்ணு கூசுதுன்னார்" என்றது துணை.

"வெயிலை அணைக்கறதா?"

"அங்க ஜன்னலுக்குப் பின்னாடி விளக்குதான்" என்றார் கண்டக்டர். "அதுதான் அந்த வீட்டு வெயில். நேரா முகத்துல அடிக்கும்."

"நீ அணைச்சியா?" என்று மகள் துணையைக் கேட்டாள்.

"ஸ்விட்ச் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. எனக்கு எட்டல. அவங்ககிட்ட சொன்னேன். பட்டியல்ல இல்லைன்னாங்க." விளக்கு முகம் சற்றே மங்கியது. "அதனால நான் ஜன்னல் பக்கமாப் போய் நின்னுக்கிட்டேன். அவர் மூஞ்சியில நிழல் விழுந்துச்சு. கண்ணைத் திறந்து பாத்தார். நல்லா இருக்குன்னார். நகர்ந்தா வெயில் படும். அதனால பாலுக்கும் போர்வைக்கும் மட்டும் போயிட்டு வந்து, அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தேன்."



"ரொம்ப நேரம் அப்பா தனியா இருந்தாரா?" என்று கேட்டாள் மகள்.

"தனியா இல்ல" என்றது துணை. "நான் இருந்தேன்."

அவள் எழுந்து உள்ளே போய், ஈரத்துணி ஒன்றைப் பிழிந்துகொண்டு வந்தாள். துணையின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ரப்பர் விரல்களின் இடுக்கில் காய்ந்து கிடந்த பாலை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். அது கையை அவளிடமே விட்டுவிட்டு நின்றது.